துரையின் குட்டிகள்

கொல்லயில்
18 நவம்பர் 1996

சுகுமாரி,

இங்கே எல்லாரும் உயிரோடு உண்டு. உன் மைனி செல்லபாய்க்கு முழங்கால் வலி, எனக்கு அவள் முனகலைக் கேட்கிற வலி, அவ்வளவுதான் விசேஷம். மழை விடமாட்டேன் என்கிறது. லாயத்தின் பின்சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது.

ஆபீஸ் போனில் குதிரைக் கதை பேசாதீர்கள் என்று ஓணத்துக்கு வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாய். சரி தாயே, எழுதுகிறேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவனின் தமிழ் இது. ஓசூர்ப் பண்ணையில் டைப் அடிக்கிற மகாராணி பிழை பார்க்கக் கூடாது.

மே மாதம் களியக்காவிளை புரோக்கர் ராஜதாஸிடம் ஒரு பெண் குதிரை வாங்கினேன். நாலு வயது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளி. கறுப்பாகப் பிறந்து வயது ஏற ஏற வெளுக்கிற ஜாதி. இன்னும் மூன்று வருஷத்தில் பால் வெள்ளை ஆகிவிடும். முத்து என்று பெயர் வைத்திருக்கிறேன். ஜூனில் நம்முடைய வெள்ளை ஆண் குதிரை துரையோடு சேர்த்தேன். மிருக டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினைதான் என்று சொல்லிவிட்டார். தகப்பனும் வெள்ளை, தாயும் வெள்ளை. குட்டி எப்படி வரும் என்று நீயே யோசித்துப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். நெய்யாற்றின்கரை தாணுலிங்கம் பிள்ளையைத் தெரியும் அல்லவா? அவர் மகன் கிருஷ்ணகுமார் துபாயிலிருந்து திரும்பி வந்து குதிரைப் பண்ணை வைக்கப் போகிறான். துரையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். "அண்ணாச்சி, இதுக்க குட்டி எனக்கு வேணும். ஆனா பேப்பர் உள்ள குட்டியா வேணும்" என்றான். பண்ணையைப் பார்த்துக்கொள்ள என்னையே வைப்பானாம். சுகுமாரி, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு எல்லாரும் குதிரையை விட்டுப் பூ ஒட்டிய கார் கேட்கிறார்கள். இந்த வருஷம் மொத்தம் நாலு ஊர்வலம், ஒரு கடை திறப்பு. இதை விட்டால் எனக்கு வேறு என்ன உண்டு?

முத்துவும் குட்டியும் உங்கள் பண்ணைப் பரம்பரை என்று முத்திரை போட்டு, இன்ன தாய், இன்ன தகப்பன் என்று ஒரு தாள். அவ்வளவுதான் கேட்கிறேன். உங்கள் பண்ணைக் குதிரை அல்லி உயிரோடு நிற்கும்போதே செத்துப்போயிற்று என்று எழுதின கைதானே அது.

அண்ணன்
பொன்னையன்


ஓசூர்
5 டிசம்பர் 1996

அண்ணா,

முடியாது.

இதை முதலில் எழுதிவிட்டால்தான் மீதியை எழுத முடியும். உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். மானேஜர் உள்ளே வந்தார். பதிவேட்டுக்குள் சொருகிவிட்டு, சாயங்காலம் வரை வெளியே எடுக்கப் பயந்து உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

பதினான்கு வருஷமாக இங்கே பிறக்கிற ஒவ்வொரு குட்டியையும் நான்தான் எழுதுகிறேன். தாய், தகப்பன், பிறந்த நேரம், உடம்பில் எங்கெங்கே சுழி, எந்தக் காலில் வெள்ளை. அந்தத் தாளை நம்பித்தான் எவனோ ஒருவன், எங்கேயோ, இதை அதோடு சேர்க்கலாம், சேர்க்கக்கூடாது என்று முடிவு செய்கிறான். அதில் பொய் இருந்தால் அந்தப் பொய்யும் குட்டி போட்டுக்கொண்டே போகும். கிருஷ்ணகுமார் பண்ணையே வைக்கப் போகிறான் என்கிறீர்கள். அப்படியானால் ஒரு குட்டியோடு நிற்காது.

அல்லியைச் சொல்லிக் காட்டினீர்கள். காட்டத்தான் வேண்டும். அவள் போட்ட இரண்டு குட்டிக்கும் கீழ்த்தாடை குட்டையாக வந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது, புல்லைக் கடிக்க முடியாது. மூன்றாவது வேண்டாம், ஊசி போட்டு முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். நான் அழுதேன். மானேஜர், "புத்தகத்தில் இறந்தது என்று எழுது, எங்கேயாவது கொண்டுபோ, ஆனால் இனி குட்டி கூடாது" என்றார். உங்களுக்கு லாரியில் ஏற்றி அனுப்பினேன். குட்டி எடுக்கமாட்டேன் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்று தடவை சத்தியம் செய்தீர்கள். அந்த ஒரு பொய்யை நான் ஒரு உயிருக்காக எழுதினேன். இப்போதும் அந்தப் பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டிவிடுகிறேன்.

94இல் அல்லி வயிற்றுவலியில் போனாள் என்று நீங்கள் சொன்னபோது, பாவம், மூன்று வருஷமாவது புல் தின்றாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மைனிக்குக் கோட்டக்கல் தைலம் வாங்கிக் கொடுங்கள்.

சுகுமாரி


கொல்லயில்
2 ஜனவரி 1997

சுகுமாரிக்கு,

புது வருஷத்துக்கு நல்ல பரிசு அனுப்பினாய். உன் கடிதத்தைச் செல்லபாய்க்கு வாசித்துக் காட்டினேன். "அவ சொல்லதுல என்ன தப்பு உண்டு?" என்றாள். வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிர்க்கட்சி.

நான் கேட்கிறேன். பேப்பர், பேப்பர் என்கிறாயே, எனக்கும் உனக்கும் பிறந்த தேதி எழுதியது யார்? பொன்னுதாஸ் சார். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா தேதி தெரியாது என்றார். சார் பேனாவைத் திறந்து மே 15 என்று போட்டார். உனக்கும் மே 15. இந்த ஊரில் பாதிப் பேர் மே 15இல்தான் பிறந்திருக்கிறார்கள். அந்தத் தேதியை வைத்துத்தானே நீ காலேஜுக்குப் போனாய், வேலைக்குப் போனாய்? அப்போது எந்தப் பொய் குட்டி போட்டது?

கொல்லயிலிலிருந்து மார்த்தாண்டம் வரை எந்தக் குதிரைக்குப் பேப்பர் உண்டு? ஒன்றுக்கும் இல்லை. அதெல்லாம் மூன்று காலிலா நடக்கிறது? பணக்காரன் குதிரைக்குப் பரம்பரை எழுதி வைப்பான். நம் குதிரைக்கு நாலு காலும் ஒரு வாலும் போதும். துரை பிறந்தபோது அவன் அப்பன் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவனை வைத்துப் பதினோரு வருஷம் சோறு தின்றேன்.

உன் மானேஜருக்கு நான் ஒரு வரி எழுதினால் அல்லி எப்போது செத்தாள் என்று அவருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அவரும் கூட்டுத்தானே, என்ன செய்துவிடப் போகிறார்? மாட்டுகிறது நீ மட்டும்தான்.

எழுதமாட்டேன். மேலே எழுதின வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன், அடித்தாலும் வாசிக்கத்தான் செய்வாய். கிடக்கட்டும்.

பொன்னையன்


ஓசூர்
20 ஜனவரி 1997

அண்ணா,

பொன்னுதாஸ் சார் இட்டுக்கட்டி எழுதியது தேதியைத்தான். அப்பா பெயரை அவர் கேட்டுத்தான் எழுதினார்.

நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் நான்கு நாள் தூங்கவில்லை. தோற்றுப்போய் இதை அனுப்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்கும் தாளில் குதிரையின் இடப்பக்கம், வலப்பக்கம், முகம் மூன்றும் கோட்டுப் படமாக இருக்கும். முத்துவைப் பக்கத்தில் நிறுத்தி, எங்கெங்கே சுழி உண்டோ அங்கே பெருக்கல் குறி போடுங்கள். தழும்பு இருந்தால் வட்டம். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து எழுதுங்கள். உள்ளதை மட்டும் எழுதுங்கள். எந்தக் குதிரை என்றே தெரியாமல் எழுத என் கை வராது.

எழுதுவேன் என்று இன்னும் சொல்லவில்லை.

சுகுமாரி


கொல்லயில்
16 பிப்ரவரி 1997

என் தங்கச் சுகுமாரி,

நீ என்ன சொன்னாலும் நம் அப்பாவின் மகளாக்கும். மனசு இளகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

தாளை நிரப்பிவிட்டேன். ஒரு நாள் முழுக்க எடுத்தது. செல்லபாய் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் முத்துவின் மேல் விரல் வைத்துச் சுழி தேட, அவள் "இங்க போடவா? அங்க போடவா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் முத்துவுக்கே அலுத்துப்போய்த் தாளின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது. கிழிசலுக்கு என்னைத் திட்டாதே.

நெற்றியில் ஒற்றைச் சுழி, நடுவில், ராஜ லட்சணம். மார்பில் இரண்டு. வலக்கழுத்தில் ஒன்று, மேலே. இடக்கழுத்தில் சுழி இல்லை. அங்கே காதுக்கு ஒரு சாண் கீழே ஒரு சூட்டுத் தழும்புதான் உண்டு, நீ சொன்னபடி வட்டம் போட்டிருக்கிறேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் சுழி இருந்தால் வாங்குகிறவன் வீட்டுக்கு ஆகாது என்று இங்கே ஒரு பேச்சு. எவனும் தொடமாட்டான். அதனால் குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுழியை எரித்துவிடுவார்கள். முடி முளைக்காது, சுழியும் தெரியாது. நம் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். நானும் செய்திருக்கிறேன்.

பல்லையும் பார்த்தேன். மேல்வரிசை கீழ்வரிசையைவிட ஒரு நெல் அளவு முன்னால் நிற்கிறது. தின்னுவதற்கு ஒரு குறையும் இல்லை. சிரித்தால் கொள்ளாம், நன்றாகத்தான் இருக்கிறது.

விஷுவுக்குக் கிருஷ்ணகுமார் வருகிறான். அதற்குள் தாளை அடித்து வைத்துவிடு. குட்டி மே மாதம் விழுந்ததும் தேதியை மட்டும் போட்டால் போதும்.

அண்ணன்


ஓசூர்
1 மார்ச் 1997

அண்ணா,

ஒரு கேள்வி கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் வேண்டும்.

அல்லி உங்களிடம் வந்தபின் குட்டி போட்டாளா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிரப்பிய தாள் வந்ததும் கோப்பில் வைக்கப் போனேன். பல்லைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அதைக் கீழே வைத்தேன். பழைய பீரோவைத் திறந்து அல்லியின் தாளை எடுத்தேன். அவள் இறந்துவிட்டதாக எழுதியபின் அதை நான் தொட்டதே இல்லை. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அல்லிக்கு இடக்கழுத்தில், காதுக்கு ஒரு சாண் கீழே ஒரு சுழி உண்டு. அந்தப் பெருக்கல் குறியின் மேலேயே உங்கள் வட்டம் வந்து உட்கார்ந்தது.

சுழி தாயிலிருந்து மகளுக்கு அப்படியே வர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வராமலும் போகும். நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் வயது நாலு. அதே தாடை. அந்த இடத்தில் ஒரு சூடு.

குட்டி போட்டிருந்தால் தகப்பன் யார்? யாருக்கு விற்றீர்கள்? சூடு போட்டது யார்?

எனக்குக் கோபம் வரவில்லை அண்ணா. அசதியாக இருக்கிறது.

சுகுமாரி


கொல்லயில்
20 மார்ச் 1997

சுகுமாரி,

போட்டாள்.

92 ஜூலையில். பெண் குட்டி. கறுப்பாக இருந்தது. தகப்பன் துரைதான், இங்கே வேறு யார் உண்டு? உன்னிடம் சத்தியம் செய்த அந்த மாதமே சேர்த்துவிட்டேன். அப்படி ஒரு உயர்ந்த ஜாதிப் பெண் குதிரை என் லாயத்தில் சும்மா நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு குட்டி, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். கீழ்த்தாடை கொஞ்சம் உள்ளே இருந்தது. அதைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். அப்புறம் அல்லியைச் சேர்க்கவில்லை, இதை நீ நம்பவேண்டும். ஆறு மாதத்தில் குட்டியை விற்றேன். கழுத்துச் சுழியைப் பார்த்து ரெண்டு பேர் வேண்டாம் என்று போனார்கள். மூன்றாவது ஆள் வருவதற்குள் நானே சூடு போட்டேன். வாங்கினது ராஜதாஸ்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே களியக்காவிளைக்குப் போய் ராஜதாஸின் சட்டையைப் பிடித்தேன். "எலே, அந்த சாம்பல் பெண்ணு உனக்கு எங்கேருந்து வந்தது?" என்றேன். கருங்கல்காரன் ஒருவனுக்கு விற்றானாம், அவன் நாகர்கோவிலுக்கு விற்றானாம், அங்கிருந்து திரும்ப இவன் கைக்கே வந்ததாம். "நீங்க வித்த குட்டியாக்கும் அண்ணே. கறுப்புப் போயி வெளுத்து வந்துட்டு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வாங்குதியன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரிக்கிறான். அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிக்க?

இருந்தாலும் வீட்டுக்கு வந்து பரணில் தேடினேன். அன்றைக்குச் சூடு போட்டது முறிந்த லாடத்தின் ஒரு துண்டால். நடுவில் ஒரு பிளவு உண்டு. முத்துவின் கழுத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். தழும்பு குதிரையோடு சேர்ந்து வளர்ந்து பெரிதாகியிருந்தது. ஆனால் நடுவில் அந்தப் பிளவு அப்படியே உண்டு. முத்து திரும்பி என் தோளை மோந்தது.

அந்தச் சுழியை நான் விட்டு வைத்திருந்தால், வாங்கும்போதே இது அல்லியின் மகள் என்று கண்டுபிடித்திருப்பேன். மகளை அப்பனோடு சேர்த்துவிட்டேனே சுகுமாரி. தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். தெரிந்துகொள்ள இருந்த ஒரே அடையாளத்தையும் நான்தானே எரித்தேன்.

டாக்டரைக் கேட்டேன். ஒன்பது மாதம், இனி ஒன்றும் செய்யமுடியாது, விழுகிறது விழட்டும் என்கிறார். செல்லபாய் என்னோடு பேசுவதில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் போகிறாள். விஷுவுக்குக் கிருஷ்ணகுமார் வருவான். நான் என்ன சொல்லட்டும்?

பொன்னையன்


ஓசூர்
6 ஏப்ரல் 1997

அண்ணா,

குட்டி விழுகிற வரைக்கும் கிருஷ்ணகுமாரிடம் பொறுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

முத்துவை வெயிலில் கட்டாதீர்கள். கடைசி மாதத்தில் தவிடு குறைத்துப் பச்சைப்புல் கூட்டுங்கள். நேரம் நெருங்கும்போது டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும். குட்டிக்குத் தாடை சேராவிட்டால் பால் உறிஞ்ச வராது. அப்போது தாயைக் கறந்து புட்டியில் கொடுக்க வேண்டும், முதல் நாள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும். மைனிக்குக் கை பழக்கம் உண்டு. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகச் செய்வாள்.

ஒரே ரத்தம் இரண்டு பக்கமும் சேரும்போது, லேசாக இருந்த குறை பலமாக வரும். வராமலும் போகலாம். நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட தாளை அடித்துவிட்டேன். இதோடு இருக்கிறது. முத்திரை கிடையாது. தகப்பன்: துரை. தாய்: முத்து. தாயின் தகப்பன்: துரை. தாயின் தாய்: அல்லி. உள்ளபடி இருக்கிறது, அதனால் எந்தப் பதிவேட்டிலும் இதைச் சேர்க்கமாட்டார்கள். யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். பதிவேட்டில் அல்லியின் பக்கத்தை எடுத்து, இறந்தது 1991 என்பதை அடித்துவிட்டு 1994 என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். ஜூனில் தணிக்கைக்கு வருவார்கள். கேட்பார்கள். சொல்லிவிடுவேன். மானேஜர் தனக்குத் தெரியாது என்பார். என்னை அனுப்பினாலும் அனுப்பட்டும். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கத்தை மெதுவாகப் புரட்டினேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். துரையைப் பதினோரு வருஷமாக எத்தனை பெண் குதிரைகளோடு சேர்த்தீர்கள்? அதில் எத்தனை பெண் குட்டிகள் பிறந்தன? அவையெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன, யாருக்குத் தெரியும்? வெள்ளைக் குட்டி வேண்டும் என்று எல்லாரும் திரும்ப உங்களிடம்தானே வருகிறார்கள்?

எண்ணி முடிக்கிற வரைக்கும் துரையை வெளியே விடாதீர்கள்.

சுகுமாரி


கொல்லயில்
13 ஜூலை 1997

மக்கா,

மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. உன்னை வேலையை விட்டு நிறுத்தியதை, உங்கள் பண்ணையில் வேலை பார்க்கிற ஜிஜியின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. உட்கார்ந்து அழுதிருப்பேன், அதைத்தான் இப்போதும் செய்தேன்.

மே 19 காலையில் குட்டி விழுந்தது. ஆண். கறுப்பு. கீழ்த்தாடை இரண்டு விரல் அளவு குட்டை. எழுந்து நின்றது, மடியைத் தேடிப் போனது, வாய் வைத்தது, பிடிக்க வரவில்லை. திரும்பத் திரும்பப் போயிற்று. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை சுகுமாரி. செல்லபாய்தான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்து கறந்து புட்டியில் கொடுத்தாள். பதினெட்டு நாள் லாயத்திலேயே படுத்தாள். உயிர் பிழைத்துவிட்டது. புல் கடிக்க அதனால் ஆகாது. இருக்கிற காலம் வரை அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

ஜூன் முதல் வாரம் கிருஷ்ணகுமார் வந்தான். குட்டியின் வாயைப் பார்த்தான். முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "கடிவாளம் போட்டா யாருக்கு அண்ணாச்சி தெரியும்? நிறம் கொள்ளாம், எடுப்பு கொள்ளாம். பேப்பர் வந்தாச்சா?" என்றான். நீ அடித்த தாளைக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தான். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, "இத மாத்தி எழுதி வாங்குங்க. எனக்குக் குட்டியும் வேணும், நீங்களும் வேணும்" என்றான். இதுக்கு வாய் சேராது, இதுக்குப் பிறக்கிறதுக்கும் சேராமல் போகலாம் என்றேன். "அது அப்ப பாத்துக்கலாம்" என்றான். ஒரே ஒரு குட்டி, யாருக்குத் தெரியப் போகிறது என்று அன்றைக்கு நானும் இதே மாதிரிதானே நினைத்தேன்? மாத்தி எழுத ஆள் இல்லை தம்பி, நீங்க போங்க என்று சொல்லிவிட்டேன். போய்விட்டான். பாறசாலைக்காரன் ஒருவனைப் பண்ணைக்கு வைத்திருக்கிறான் என்று கேள்வி. வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே வலித்தது.

அடுத்த வாரம் துரைக்குக் காயடித்தோம். பதினாலு வயதில் இது தேவையா என்று டாக்டரே கேட்டார். தேவைதான் என்றேன். தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். சாயங்காலமே என் கையிலிருந்து வெல்லம் வாங்கித் தின்றான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இனிமேலாவது அதுக்கு ஒரு சமாதானம் ஆக்கும்" என்றாள் செல்லபாய். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கு அது.

நீ எண்ணச் சொன்னாய். இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை. எந்தக் கோயில் கொடைக்கு யார் குதிரை கொண்டுவந்தான், எந்த மழையில் எது குட்டி போட்டது என்று கணக்குப் போட்டுப் போட்டு இருபத்தேழு வந்தது. மறந்தது எத்தனையோ. இருபத்தேழு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். செல்லபாய் குடையை எடுத்துக் கையில் தந்தாள்.

இன்றைக்கு முதல் வீடு. தனுவச்சபுரத்தில் ரெத்தினதாஸ். அவனிடம் ஒரு தாய்க் குதிரையும் அதன் மகளும் உண்டு. மகள் துரைக்குப் பிறந்தது. காயடித்தது தெரியாமல், அடுத்த வாரம் அந்த மகளைத் துரையிடமே கொண்டுவர இருந்தானாம். "குதிரைக்கு ஏது அண்ணே அப்பனும் மவளும்?" என்று சிரித்தான். உன் தாளை விரித்துக் காட்டினேன். என் வீட்டில் நிற்கிற குட்டியின் வாயைப் பற்றிச் சொன்னேன். நான் செய்ததைச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன், அவன் பெண்டாட்டியும் கேட்டாள். அவன் சிரிப்பு நின்றது. தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, "அப்ப நல்லதா வேற ஆண் குதிரை எங்க உண்டு அண்ணே?" என்றான்.

அவனுக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும்போல இருந்தது. "காஞ்சிரங்குளத்துல ஒண்ணு உண்டு. வெள்ளை. உயரமும் உண்டு. தைரியமா கொண்டுபோ" என்றேன். அவனுக்குச் சந்தோஷம். சாயா போட்டுத் தந்தார்கள். நாளைக்கே போறேன் என்றான். மனசு லேசாகி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

இரண்டு ஸ்டாப் தாண்டியபிறகுதான் யோசித்தேன், காஞ்சிரங்குளத்துக்காரனுக்கு அந்தக் குதிரை எங்கேயிருந்து போயிற்று என்று. நான்தான் விற்றேன், 89இல், கறுப்புக் குட்டியாக. அதுவும் துரையின் மகன். நாங்கள் எண்ணினது பெண் குட்டிகளை மட்டும்.

மணியை இழுத்து இறங்கினேன். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. நனைந்துகொண்டே ரெத்தினதாஸ் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அண்ணன்
பொன்னையன்